ஒன்பது பேருக்கு அனுப்பு

காலை ஆறு மணி ஆனதும் செத்துப்போன வூ ஹாய்சிங் ஊருக்கு வணக்கம் சொல்லிவிடுவான். திங்லியாவ் மீன்குளக்காரர்கள் குழுவில் இருக்கிற அத்தனை பேர் போனிலும் ஒரு தாமரைப் படம் வந்து விழும். பக்கத்தில் அவன் முகம். வைக்கோல் தொப்பியும் பாக்குக்கறைப் பல்லுமாக, உயிரோடு இருந்தபோது எடுத்தது. கீழே எழுத்து: ‘காலை வணக்கம். வூ ஹாய்சிங் குளம். தண்ணீர் நன்று. சக்கரங்கள் நன்று. நிலை இயல்பு.’

அந்தக் குளத்தில்தான் அவன் செத்தான்.

முதலில் ஊர்க்காரர்கள் பயந்து போனைத் தூர வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். பிறகு பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். சொன்னார்களே தவிர, ஆறு மணித் தாமரை வந்து போவதற்கு முன்னால் போனைக் கையில் எடுக்கிற ஆள் ஊரில் ஒருவரும் இல்லை. முக்கால்வாசிப் பேர் குழுவின் சத்தத்தையே அடைத்துவிட்டார்கள். அதனால் அதில் யார் எதை எழுதினாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

எல்லாம் ‘நற்குளம்’ செய்த வேலை. அது மீனவர் சங்கம் வாங்கிய மென்பொருள். அரசாங்கத்திலிருந்து மானியம் வந்திருந்தது. வருஷம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் வராது. திங்லியாவ் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற ஊர். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சித் தரை அமுங்கிப்போனதில், பௌர்ணமி ஓதத்துக்கு இடுகாட்டுக்குள் நண்டு ஏறும். கடல்சுவரை ஒரு முழம் உயர்த்தித் தாருங்கள் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு வராத பணம் இதற்கு வந்தது. தைபேயிலிருந்து இஸ்திரி கலையாத சட்டை போட்ட பையன்கள் வந்து, பெரிய திரையில் படம் காட்டி, பீடா பாக்கெட் மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகளைக் குளத்துக்குக் குளம் மாட்டிவிட்டுப் போனார்கள். கோடிக்கணக்கில் செலவு என்று பேச்சு.

வெயில் காயும்போது மழை என்று அது சொன்னது. தண்ணீருக்குள் தொங்கவிட்ட கருவியில் ஒரே மாதத்தில் சிப்பி பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அது சிப்பியின் சௌக்கியத்தைத்தான் ஊருக்குத் தெரிவித்து வந்தது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அபாய மணி அடிக்கும். மீன் நிஜமாகவே வாயைப் பிளந்துகொண்டு மிதந்த அன்று, ‘நிலை இயல்பு’ என்று தாமரை அனுப்பியது. ஒழுங்காக வேலை செய்தது ஒரே ஒரு பொத்தான். குளத்தில் தண்ணீரை அடித்துக் கலக்கி மீனுக்கு மூச்சு கொடுக்கிற மோட்டார்ச் சக்கரங்களை, போனில் இருந்தபடியே நிறுத்தலாம், ஓட்டலாம். ஹாய்சிங்குக்கு அதில் சின்னப் பிள்ளை மாதிரி ஆசை. விருந்தாளி வந்தால் சோறு போடுவதற்கு முன்னால் சக்கரத்தை நிறுத்திக் காட்டுவான்.

இப்போது அவன் போன் சாமி மேடையில், அவன் படத்துக்குப் பக்கத்தில், ஊதுபத்திச் சாம்பல் மேலே விழ, சார்ஜ் ஒயரோடு படுத்திருந்தது. குளம் அவன் பெயரில் பதிவாகியிருந்ததால் சக்கரங்கள் அந்தப் போன் சொன்னால்தான் கேட்டன. அவன் மனைவி கிம்ஹா தினமும் படத்துக்குச் சோறு வைத்துவிட்டு, போனுக்கு மின்சாரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வாள்.

சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் செத்தவர்களை மேலே இழுக்கிற சடங்கு அந்தக் கரையில் ஆறாம் மாதம்தான் நடக்கும். மூங்கிலில் ஆள் உயரத்துக்குக் கூடு கட்டி, காகிதம் ஒட்டி, செத்தவர் பெயரை எழுதி நட்டு வைப்பார்கள். வீட்டுக்காரர்கள் அதைக் கையால் சுற்ற வேண்டும். தண்ணீருக்கடியில் கிடக்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறி வருவார். வரும்போது கூடு கனக்கும். கோயில் பூசாரி கிம்ஹாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “தெனமும் காலைல குளத்துல இருந்து ஆஜர் சொல்றானே, அவன் எப்படிம்மா மேல வருவான்? போன அணைச்சிட்டு வந்து கூட்டச் சுத்து.”

இதைத்தான் அவள் சங்கத்து எழுத்தர் துங்கிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். துங் அன்னாசிப் பழ பிஸ்கட் டப்பாவோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, நான் என்ன வச்சுக்கிட்டா இல்லைங்கறேன்? பேர எடுக்கணும்னா கம்பெனிதான் எடுக்கணும். கம்பெனிக்குப் போன் போட்டா பாட்டுப் பாடுது.”

“பாடி முடிச்சா?”

“மறுபடியும் மொதல்ல இருந்து பாடுது. விசாரிச்சுப் பாத்தா அந்தக் கம்பெனியே இல்லையாம். பேர மாத்தி வேற ஊர்ல பலகை மாட்டிட்டாங்களாம்.”

கொல்லையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆதெக், ஹாய்சிங்கின் தம்பி, உள்ளே தலையை நீட்டினான். அண்ணன் போனபிறகு குளத்து வேலை எல்லாம் அவன் தலையில்தான். “கம்பெனி பேர ஒரே நாள்ல மாத்தத் தெரியுது. செத்த மனுசன் பேர எடுக்கத் தெரியலையா?”

“அண்ணே, என் மேல ஏன் பாயறீங்க? மேலாபீசுக்கு எழுதினேன். ‘இதை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பவும்’னு பதில் வந்துச்சு.”

“எதை?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரல.”

கிம்ஹா சிரிக்கவில்லை. “தம்பி, எனக்கு இந்த வெவகாரமெல்லாம் வேணாம். அந்த மனுசன் குளத்துல இருந்து வெளிய வரணும். அவ்வளவுதான்.”

துங் பிஸ்கட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “உண்மையச் சொல்லிடறேன்க்கா. பாதிப் பேரு வெறுத்துப்போயி அதை அழிச்சிட்டாங்க. இன்னும் ஆளு கொறைஞ்சா அடுத்த மானியம் நின்னுரும். சங்கத்துலயே ஒரு நாள் விடாம உபயோகிக்கிற ஆளுன்னா, அது அண்ணன் ஒருத்தருதான்.”

ஆதெக் வலையைக் கீழே போட்டான். துங் எழுந்து, படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிஸ்கட்டை மேடையில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டான். ஆனாலும் அந்தப் பையனைக் குற்றம் சொல்ல முடியாது. நல்லவன்தான். இப்படிப்பட்ட காரியங்களைச் செய்கிறவர்கள் நல்லவர்களைத்தான் வாசலில் உட்கார வைக்கிறார்கள்.

*

கிம்ஹாவுக்கு உள்ளே வேறொரு முள் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றாடம் அவளிடமிருந்து ஊருக்குச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. எலுமிச்சையை உறையவைத்துத் தின்றால் புற்றுநோய் வராது. செவ்வாய்க்கிழமை இரவு வானத்திலிருந்து கதிர் வருகிறது, போனை அணைத்துவிடுங்கள். கடல்தேவி கனவில் வந்தாள், ஒன்பது பேருக்குச் சொல். எது வந்தாலும், எவ்வளவு மடத்தனமாக இருந்தாலும், வந்த மறுநிமிஷம் ஒன்பது பேருக்கு அனுப்பிவிடுவாள். சிப்பி உடைக்கிற கை ஈரத்தை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு அனுப்புவாள்.

பக்கத்து வீட்டு ஆமுய் ஒரு நாள் சிப்பி உடைக்கிற இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள். தகரக் கூரைக்கடியில் நாலு பெண்கள் உட்கார்ந்து கத்தியால் ஓட்டை நெம்பிச் சதையைச் சட்டியில் வழித்துப் போடுவார்கள். பருவ மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. உப்புச்சேறும் இஞ்சியும் கலந்த வாசனை.

“அடியே கிம்ஹா, ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத. எனக்கு நீ தெனமும் அனுப்புறியே, அதையெல்லாம் நீ படிக்கிறியா?”

“படிக்கிறேன்.”

“படிச்சுமா அனுப்புற? நேத்து என்ன அனுப்புன? வெள்ளரிக்கா தலைல கட்டிக்கிட்டாச் சர்க்கர வியாதி போயிருமாம். எங்க வீட்டுக்காரரு கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. பேரப்பிள்ளைக படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிருச்சுக.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். கிம்ஹாவின் கத்தி நின்றது.

“ஒனக்கு அனுப்பாம விட்டா எனக்குத் தூக்கம் வராது ஆமுய்.”

“அப்படி என்னடி தலபோற அவசரம்?”

“தலதான் போச்சு.”

அவள் அழுகிற ஆள் இல்லை. அதனால் ஆமுய் பயந்துபோய்ப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் கிம்ஹா வாய் திறந்தாள்.

ஹாய்சிங் செத்த அன்று காலையில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. யாரோ தெரியாத எண். ‘இதைப் பார்த்ததும் ஒன்பது பேருக்கு அனுப்பு. அனுப்பாதவர் வீட்டில் தண்ணீர் ஒருவரைக் கொள்ளும்.’ அவள் சிரித்துவிட்டு அழித்தாள். வேலையற்றவன் வேலை என்று திட்டவும் செய்தாள். சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அவனைக் குளத்திலிருந்து தூக்கினார்கள்.

“நான் அழிச்ச விரலு இதுதான்” என்று கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். அதில் சிப்பி ஓடு கீறிய ரத்தம் இருந்தது.

ஆமுய், “டாக்டரு நெஞ்சு அடைச்சிருச்சுன்னுதானே சொன்னாரு” என்றாள். சொல்லிவிட்டு, ஈரக் கையோடு தன் போனை எடுத்து வெள்ளரிக்காய்ச் செய்தியை ஒன்பது பேருக்கு அனுப்பினாள். அதைக் கிம்ஹாவுக்காகச் செய்தாளா, தன் வீட்டுக்காரருக்காகச் செய்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

*

மழை விட்ட மறுநாள் குளத்தில் பாசி குலைகுலையாக ஒதுங்கி, கரையோரத்துச் சக்கரத்தின் துடுப்புகளில் சுற்றிக்கொண்டது. மோட்டார் முனகியது. ஆதெக் முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, பாசி அறுக்கிற அரிவாளோடு கரையில் வந்து நின்றான். அண்ணன் செத்தபிறகு குளத்துக்குள் அவன் இறங்குவது இதுதான் முதல் தடவை. முதல் நாள் சிப்பி கிழித்த காயம் அவன் உள்ளங்கையில் இருந்தது.

“அண்ணி, நிப்பாட்டுங்க.”

கிம்ஹா புருஷனின் போனில் பொத்தானை அழுத்தினாள். சக்கரம் இரண்டு சுற்று சுற்றி நின்றது. திரையில் பச்சையாக ‘நின்றது. பாதுகாப்பானது’ என்று எழுத்து வந்தது.

ஆதெக்கின் பழக்கம் ஒன்று உண்டு. தண்ணீரில் இறங்குமுன் குனிந்து ஒரு கை அள்ளி நெஞ்சில் தட்டிக்கொள்வான். குளிர்ச்சி திடீரென்று நெஞ்சில் இறங்கக்கூடாது என்று அந்தக் கரையில் எல்லாருமே செய்வதுதான். ஹாய்சிங் மட்டும் செய்ய மாட்டான். எருமை மாதிரி நேரே இறங்குவான்.

ஆதெக் குனிந்து தண்ணீரைத் தொட்டான். தொட்ட கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தான்.

“என்னப்பா?”

“சுருக்குங்குது.”

“காயத்துல உப்புத்தண்ணி பட்டிருக்கும்.”

“உப்பு எனக்குத் தெரியாதா அண்ணி?” அவன் எழுந்து ஓடி வீட்டிலிருந்து டெஸ்டர் எடுத்து வந்தான். செருப்பைக் கழற்றாமல், நின்றுபோன சக்கரத்தின் இரும்புச் சட்டத்தில் அதன் நுனியை வைத்தான். வெயிலில் கையால் மறைத்துப் பார்த்தான். கைப்பிடிக்குள்ளே சின்னதாகச் சிவப்பு எரிந்தது.

சக்கரம் நின்றுதான் இருந்தது. திரையில் பச்சை எழுத்தும் இருந்தது.

அவன் சங்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தான். பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சக்கரத்துக்குப் போகிற கம்பி இரண்டு. இரண்டிலும் மின்சாரம் வரும். பெட்டி ஒன்றை மட்டும்தான் வெட்டியது. மோட்டார் நிற்க அது போதும். மோட்டாரின் ரப்பர் வளையம் மட்டமான சரக்கு. உப்பில் ஊறிப் பிளந்து கிடந்தது. அது வழியாக மற்றக் கம்பியின் மின்சாரம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. கசிந்தால் விழுகிற சுவிட்சை, அது அடிக்கடி விழுந்து அபாய மணி அடிக்கிறதென்று, மாட்ட வந்த பையன்களே கழற்றி ஓரமாகத் தொங்கவிட்டுப் போயிருந்தார்கள்.

“அண்ணன் நிப்பாட்டிட்டுத்தான் எறங்கிருக்கான்” என்றான் ஆதெக். “நெஞ்சும் அடைக்கல, ஒரு மண்ணும் இல்ல.”

கிம்ஹா கரைச்சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்பெல்லாம் அவன் குளத்தில் இறங்கினால் அவளும் கூடப் போக வேண்டும். கம்பத்துப் பெட்டியில் இரண்டு பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டு, அவன் ஏறி வருகிற வரைக்கும் கரையில் நிற்பாள். கட்டை மடியில் இருக்கும்போது உலகத்தில் யார் நினைத்தாலும் அந்தக் குளத்துக்கு மின்சாரம் வராது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பெண்டாட்டிமார்களின் வேலை அது. நற்குளம் வந்தபிறகு அவன்தான் சொன்னான்: “இனிமே நீ வெயில்ல நிக்க வேணாம். வீட்டுல காலை நீட்டி ஒக்காரு.” அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அப்ப, அந்தச் செய்தி இல்லையா?” என்றாள்.

“எந்தச் செய்தி?”

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. தன் விரல் கொன்றது என்றால் ஒரு விரலோடு போயிற்று. இது ஊரில் இருக்கிற அத்தனை குளத்திலும் இப்போதும் பச்சை எழுத்தோடு காத்துக்கொண்டிருக்கிறது.

*

சங்கத்தில் துங் கேட்டுவிட்டு வாயில் கை வைத்தான். உள்ளே போய் மேலாளரிடம் பேசினான். வெகுநேரம் கழித்து வந்தபோது அவன் காது சிவந்திருந்தது.

“பீதியக் கெளப்ப வேணாங்கறாரு. ஆள் வச்சுச் சோதிக்கணுமாம். சோதிக்கிற கம்பெனியத் தேர்ந்தெடுக்கக் குழு போடணுமாம்.”

“அதுக்குள்ள எவனாவது எறங்குனா?” என்றான் ஆதெக்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. குழுவுல ஒரு அறிவிப்பு போட்டுட்டேன்.”

போட்டிருந்தான். சிரிக்கிற மின்னல் பொம்மை ஒன்று கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தது. ‘மின் பாதுகாப்பில் அன்பான கவனம் செலுத்துவோம்!’ குழுவைத் திறந்து பார்த்தவர்கள் துங், ஆதெக், கிம்ஹா ஆகிய மூன்று பேர்.

ஆதெக் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளம் குளமாகப் போனான். பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, அண்ணன் போன துக்கம் பையனை இப்படி ஆட்டுகிறது என்று பாக்கு மடித்துக் கொடுத்து அனுப்பினார்கள். சங்கத்துக்காரன் தப்பில்லை என்கிறான், போனிலும் பச்சையாகத்தானே காட்டுகிறது என்றார்கள். அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று கடற்கரை நெடுக இதே பெட்டிதான். எத்தனை நாள் சைக்கிள் மிதிப்பான்?

சொந்தக் குளத்துப் பெட்டியை அவன் சங்கத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பிய்த்து எறிந்துவிட்டு, பழைய கம்பத்துப் பெட்டியிலேயே கம்பியை முடுக்கினான். சக்கரங்களுக்கு இனி போன் தேவையில்லை.

“அணைச்சிருங்க அண்ணி. நாளன்னைக்குக் கூடு நடறாங்க. அவனாவது நிம்மதியாப் போகட்டும்.”

கிம்ஹா சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டியைப் பிய்த்தபிறகும் அன்று காலை தாமரை வந்திருந்தது. இல்லாத சக்கரங்கள் நன்று என்று சொல்லியிருந்தது. போனைக் கையில் எடுத்தாள். அணைக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

ஊரில் எந்த எழுத்தை எல்லாரும் கடைசி வரை படிக்கிறார்கள்? எதைப் படித்த மறுநிமிஷம் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள்? அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது.

“ஆதெக், நான் ஒன்னு எழுதப்போறேன். எழுத்து தப்பா இருந்தாச் சொல்லு.”

அவள் எழுதியதைப் படித்ததும் அவன் போனைப் பிடுங்கப் பார்த்தான். ‘நான் வூ ஹாய்சிங். திங்லியாவ் குளத்தில் செத்தவன். போனில் பச்சை காட்டினாலும் தண்ணீரில் மின்சாரம் இருக்கிறது. இறங்குமுன் இரண்டு பியூஸ் கட்டையையும் பிடுங்கிப் பெண்டாட்டி மடியில் கட்டு. இதை ஒன்பது பேருக்கு அனுப்பு. அனுப்பாதவர் வீட்டில் தண்ணீர் ஒருவரைக் கொள்ளும்.’

“ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? செத்தவன் பேருல சாபம் உடறீங்க! இது ஊரு ஊராப் போகும். போற எடமெல்லாம் அவனையும் இழுத்துக்கிட்டுப் போகும். அப்புறம் எந்தக் கூட்டச் சுத்தி அவன மேல கொண்டுவருவீங்க?”

“தெரியும்.”

“என் பேருல போடுங்க. சங்கத்துப் பேருல போடுங்க.”

“ஒன் பேருல போட்டா யாரு அனுப்புவா? நீ சைக்கிள்ல போயிச் சொல்லியே கேக்கல. உசுரோட இருக்கறவன் சொன்னா எவன் கேக்கறான் ஆதெக்?”

அவன் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் இரண்டு காசுகளை எடுத்து, ஊதுபத்தி ஏற்றி, புருஷனிடமே கேட்டாள். ஒன்று தலையும் ஒன்று பூவும் விழுந்தால் சம்மதம். போட்டாள். இரண்டும் தலை. அப்படி விழுந்தால் செத்தவர் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

“சிரிக்காதய்யா” என்றாள். “நான் ஒன்னய விக்கிறேன். ஆமா இல்லன்னு சொல்லு.”

மறுபடியும் போட்டாள். மறுபடியும் சிரித்தான். மூன்றாவது தடவை அவள் காசு போடவில்லை. ஒன்பது பேருக்கு அனுப்பிவிட்டாள்.

*

எண்ணெயில் தீப்பிடித்த மாதிரி பரவியது. செத்தவன் போனிலிருந்து, செத்தவன் முகத்தோடு வந்த செய்தியை அனுப்பாமல் வைத்திருக்க யாருக்குத் துணிச்சல்? சத்தத்தை அடைத்தவர்களுக்குச் சம்பந்தி அனுப்பினார், மளிகைக்கடைக்காரர் அனுப்பினார், பிள்ளைகள் படிக்கிற பள்ளி வாத்தியார் அனுப்பினார். மேலாளருக்கே ஒன்பது பேரிடமிருந்து வந்ததாம். அவரும் யாருக்கும் தெரியாமல் ஒன்பது பேருக்கு அனுப்பினார் என்று துங் சொன்னான். மறுநாள் காலையில் குளக்கரைகளில் பெண்கள் மடி கனக்க நின்றார்கள். ஆமுய் நாலு கட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்தாள்.

ஆனால் கிம்ஹா கூடு சுற்றியபோது அது காகிதமாகவே சுற்றியது.

கோயில் வெளியில் வரிசை வரிசையாகக் கூடுகள். உப்புக்காற்றில் காகிதம் படபடத்தது. பக்கத்தில் ஒரு கிழவர், ரொம்ப வருஷத்துக்கு முன்னால் படகோடு போன மகனின் கூட்டைச் சுற்றிக்கொண்டே, “கனக்குது, கனக்குது, வர்றான்” என்று விம்மினார். கிம்ஹாவின் கூடு ஒரு விரல் தொட்டால் சுற்றியது. அதில் யாரும் ஏறவில்லை. பூசாரி மணியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். ஆதெக் வேறு பக்கம் பார்த்தான். கையிலிருந்த அரிசியை முழுக்க வீசித் தீர்த்தபிறகும் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“போதும் அண்ணி. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“அவன் இங்க இல்ல. எங்கயோ ஊர் ஊராப் போயிக்கிட்டிருக்கான். நான்தான் அனுப்புனேன்.”

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சர்க்கரைவள்ளிக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனை அணைக்கவும் இல்லை. பாதி வழியில் விட்டுவிட்டு அணைத்தால் அவன் எங்கே என்று நிற்பான்? ஏழாம் மாதம் வந்து, வாசலுக்கு வாசல் மேசை போட்டு வழிப்போக்கு ஆவிகளுக்கு ஊர் சோறு படைத்தபோது, அவள் தன் மேசையில் அவனுக்குப் பிடித்த வறுத்த நிலக்கடலையையும் வைத்தாள். அந்தக் கூட்டத்தோடு வந்து நின்றால் எடுத்துக்கொள்ளட்டும். புருஷனைப் பிச்சைக்கார ஆவிகளோடு வரிசையில் நிற்க வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு அவள் வாய்விட்டு அழுதாள்.

இலையுதிர் காலத்து முதல் காற்று கிளம்பியிருந்த ஒரு மதியம், அவள் மட்டி அலசிக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கியது. அவனுடையது இல்லை, அவளுடையது. தெற்கே பிங்துங்கில் இறால் வளர்க்கிற அக்கா மகளிடமிருந்து வந்திருந்தது. ‘சித்தி, இது இங்கே எல்லாருக்கும் வந்துவிட்டது. உங்களுக்கு வந்ததா? இவர் இப்போதெல்லாம் கட்டையை என் மடியில் கட்டாமல் இறங்குவதே இல்லை. போன வாரம் பக்கத்துக் குளத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள். எரிந்ததாம்.’

கீழே அந்தச் செய்தி. கிம்ஹா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ‘ஒரு குளக்காரர் செத்துப்போனார்’ என்று தொடங்கியது. நடுவில் கடல்தேவியின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒன்பது பேர் பதினெட்டு பேர் ஆகியிருந்தார்கள். இரண்டு பியூஸ் கட்டையும் இருந்தன. பெண்டாட்டி மடியும் இருந்தது.

வூ ஹாய்சிங் இல்லை. திங்லியாவும் இல்லை.

அவள் மறுபடி மேலிருந்து தேடினாள். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். அவன் பெயரை வழியில் யாரோ எடுத்திருந்தார்கள். செத்தவன் பெயரைச் சுமந்துகொண்டு போகப் பயந்த ஒருவனாக இருக்கும். இல்லாவிட்டால் முகம் தெரியாத ஒரு புண்ணியவதி. அவன் சொல்லவேண்டியது மட்டும் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

கிம்ஹா உள்ளே போய் மேடையிலிருந்து அவன் போனை எடுத்தாள். சார்ஜ் ஒயரைப் பிடுங்கினாள்.

“பாத்தியா? ஒன்னய எங்கேயோ எறக்கி விட்டுட்டாங்க. இனிமே எவனும் ஒன் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டான். நீ போய்யா.”

பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அணைக்கவா என்று திரை கேட்டது.

“ஆமா” என்றாள் கிம்ஹா. அதற்குக் காது கிடையாது என்பது பிறகுதான் நினைவு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினாள்.